இரண்டு கையெழுத்து

சர்ட்டிபிகேட் ஒன்று வாங்குவதற்காக ஏதாவது ஓர் ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டு என்றால், இந்தக் கதையில் பாதி உங்களுக்குச் சொல்லாமலே விளங்கிவிடும்.

கையிலே மனு, நெஞ்சிலே படபடப்பு. மேஜைக்கு அப்பால் மூக்குக் கண்ணாடியுடன் ஓர் உத்தியோகஸ்தர். அவருக்குப் பக்கத்தில் ஒரு மசிப் பெட்டி, ஒரு ரப்பர் ஸ்டாம்பு. அந்த ஸ்டாம்பு எழும்பி உங்கள் காகிதத்தின் மீது 'டக்' என்று விழ வேண்டும். வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அது லேசில் எழும்பாது. "ரூல் இடம் கொடுக்கவில்லையே, ஸார்! நான் என்ன செய்யட்டும்?" என்பார் அவர்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ரூல் என்று ஒன்று இல்லாவிட்டால், பணம் உள்ளவனும் பலம் உள்ளவனும் நம்மை முந்திக்கொண்டு போய்விடுவார்கள். ஆகையால் ரூலைப் பின்பற்றுகிறவர் நல்ல உத்தியோகஸ்தர்தான். ஆனால், மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்பவன் கேட்பது சர்ட்டிபிகேட் அல்ல, உயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்பு விழுந்தால் அவன் பிழைப்பான். அவன் மனைவி மக்கள் பிழைப்பார்கள். விழாவிட்டால் இல்லை. அப்போது அந்த உத்தியோகஸ்தர் என்ன செய்ய வேண்டும்?

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 1940-ஆம் வருஷம் கோடைக் காலத்தில், ஐரோப்பாவில் ஒரு சின்னஞ்சிறு தேசத்தில், இரண்டு மனிதர்களுக்கு முன்னால் இந்தக் கேள்வி வந்து நின்றது. ஒருவர் டச்சுக்காரர், ரேடியோ கம்பெனி மானேஜர். மற்றவர் ஜப்பானியர், வெளிநாட்டு இலாகா உத்தியோகஸ்தர். இருவரும் கூடிப் பேசித் திட்டம் போட்டவர்கள் அல்லர். ஒருவர் பாதிக் கதவைத் திறந்தார். மற்றவர் மீதிக் கதவைத் திறந்தார். அந்தக் கதவு வழியே ஆயிரக்கணக்கானவர்கள் மரணத்திலிருந்து தப்பி வெளியேறினார்கள்.

நான்கு பக்கமும் அடைப்பு

1939 செப்டம்பர் முதல் தேதி ஹிட்லரின் சேனை போலந்துக்குள் புகுந்தது. இரண்டு வாரம் கழித்து, கிழக்கேயிருந்து ரஷ்யச் சேனையும் புகுந்தது. நடுவில் அகப்பட்டுக்கொண்ட போலந்து இரண்டு துண்டாயிற்று. ஹிட்லர் கையில் அகப்பட்டால் யூதர்களின் கதி என்ன என்பது அதற்குள்ளேயே ஓரளவு தெரிந்துவிட்டது. ஆகவே உடுத்த துணியோடும், கைக் குழந்தைகளோடும் ஓட்டம் பிடித்தார்கள். எங்கே ஓடுவது? பக்கத்தில் இருந்தது லித்துவேனியா. சிறிய தேசம்; அப்போது யுத்தத்தில் எந்தப் பக்கமும் சேராத தேசம். சுமார் 15,000 யூத அகதிகள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

வக்கீல்கள், வியாபாரிகள், தையற்காரர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் அவர்களில் இருந்தார்கள். நம் ஊர் வேத பாடசாலையைப் போல, யூத சாஸ்திரங்களைக் கற்பிக்கும் மீர் என்ற ஊர்ப் பாடசாலை ஒன்று, ஆசிரியர்களும் மாணவர்களுமாக அப்படியே கிளம்பி வந்திருந்தது.

ஆனால் 1940 ஜூன் 15-ஆம் தேதி ரஷ்யச் சேனை லித்துவேனியாவையும் பிடித்துக்கொண்டது. அகதிகள் திகைத்துப் போனார்கள். மேற்கே ஜெர்மனி, தெற்கே துண்டு போட்ட போலந்து, கிழக்கே ரஷ்யா. வடமேற்கே பால்டிக் கடல். கடலைத் தாண்டவும் விஸா வேண்டும்! உலகத்தில் எந்த தேசமும் அவர்களுக்கு விஸா கொடுக்கத் தயாராக இல்லை. அங்கேயே இருந்தால் ரஷ்யர்கள் ஸைபீரியாவுக்கு அனுப்பக் கூடும். ஹிட்லர் என்றைக்கு அந்தப் பக்கம் திரும்புவான் என்பதும் தெரியாது.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. ரஷ்யாவைக் குறுக்கே கடந்து, உலகத்தின் மறு கோடியான ஜப்பானுக்குப் போய், அங்கிருந்து வேறு எங்காவது போவது. அதற்கு ஜப்பான் வழியாகப் போவதற்கு விஸா வேண்டும். ஜப்பான் அந்த விஸாவைக் கொடுக்க வேண்டுமானால், "கடைசியில் நீ எந்த தேசத்துக்குப் போகிறாய்?" என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பதில் காகிதத்தில் இருக்க வேண்டும். அதில் ஸ்டாம்பும் இருக்க வேண்டும்!

விட்டுப்போன ஒரு வாக்கியம்

லித்துவேனியாவின் தலைநகரமாக அப்போது இருந்தது கௌனாஸ் நகரம். அங்கே பிலிப்ஸ் ரேடியோ கம்பெனியின் மானேஜராக இருந்தவர் யான் ஸ்வார்ட்டன்டைக். வயது 44. மனைவியும் மூன்று சிறு குழந்தைகளும் உடன் இருந்தார்கள். அவருடைய சொந்த ஊரான ராட்டர்டாம் நகரத்தை அந்த மே மாதத்தில்தான் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு நாசமாக்கியிருந்தன. ஹாலந்து தேசமே ஜெர்மானியர் வசமாகி, அதன் சர்க்கார் லண்டனுக்கு ஓடிப் போயிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்து நாடான லாட்வியாவில் இருந்த டச்சு ஸ்தானிகர் டி டெக்கர், ஸ்வார்ட்டன்டைக்கைத் தற்காலிக கான்ஸலாக நியமித்தார். அதற்கு முன் இருந்த கான்ஸலுக்கு நாஜிகளிடம் அநுதாபம் என்று அவரை விலக்கியாகிவிட்டது. ஸ்வார்ட்டன்டைக்குக்கு ராஜதந்திரத்தில் ஒரு நாள் அநுபவம் கூடக் கிடையாது. ரேடியோ விற்கத் தெரியும். பல்பு விற்கத் தெரியும். 'எப்போதாவது ஒரு டச்சுக்காரர் வந்தால் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டியிருக்கும், வேறு என்ன?' என்று அவர் நினைத்திருந்தால் ஆச்சரியம் இல்லை.

போலந்து யூதர் ஒருவரை மணந்துகொண்டிருந்த டச்சுப் பெண்மணி ஒருவர் அகதிகளுக்குள் இருந்தார். அவர் ஸ்தானிகர் டி டெக்கருக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கண்டத்தில் டச்சுக்காரர்களுக்குச் சொந்தமான குராஸோ தீவுக்கோ, ஸுரினாமுக்கோ விஸா கிடைக்குமா என்று கேட்டார். ஸ்தானிகர் உள்ளதை உள்ளபடி பதில் எழுதினார். அந்த இடங்களுக்கு விஸாவே தேவையில்லை. ஆனால் அங்கே இறங்க வேண்டுமானால் கவர்னர் உத்தரவு வேண்டும், அந்த உத்தரவோ அபூர்வமாகத்தான் கிடைக்கும் என்று விளக்கினார்.

பெண்மணி கெட்டிக்காரர். மறுபடியும் எழுதினார்: முதல் வாக்கியத்தை மட்டும் என் பாஸ்போர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட முடியாதா? ஸ்தானிகர் யோசித்தார். எழுதிக் கொடுத்தார். குராஸோவுக்குப் போக விஸா தேவையில்லை. அவ்வளவுதான். கவர்னரைப் பற்றிப் பேச்சே இல்லை!

மகாபாரதம் உங்களுக்கு ஞாபகம் வருகிறதல்லவா? தருமபுத்திரர் துரோணரிடம் 'அசுவத்தாமா இறந்தான்' என்பதை உரக்கச் சொன்னார்; 'யானை' என்பதை முணுமுணுத்தார். அந்த அரை வாக்கியம் ஓர் உயிரைக் கொன்றது. அவருடைய ரதமும் தரையில் இறங்கியது என்பார்கள். இந்த அரை வாக்கியமோ உயிர்களைக் காப்பாற்றியது. குற்றம் இல்லாத நன்மை விளையுமானால் பொய்க்கும் கூட உண்மையின் ஸ்தானத்தைத் தரலாம் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார். இங்கே பொய் கூட இல்லை. எழுதாமல் விட்டது ஒன்றுதான்!

அந்தப் பெண்மணியின் பாஸ்போர்ட்டைப் பார்த்து, ஸ்வார்ட்டன்டைக் அதே வாசகத்தை அவருடைய கணவரின் காகிதத்திலும் எழுதிக் கொடுத்தார். கணவர் டச்சுக்காரர் அல்ல. டச்சுப் பிரஜைகள் அல்லாத மற்ற அகதிகளுக்கும் கொடுப்பீர்களா என்று யாரோ கேட்டபோது, கொடுப்பதாகச் சொன்னார். செய்தி அகதிகளிடையே காட்டுத் தீயாகப் பரவியது. ஜூலை 24-ஆம் தேதி முதல் அவருடைய ஆபீஸ் வாசலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. முதலில் எல்லாவற்றையும் கையாலேயே எழுதினார். கை ஓய்ந்து போகவே, வாசகத்தை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்துகொண்டார். ஆகஸ்டு 3-ஆம் தேதி ஆபீஸ் மூடப்படும் வரையில் நிறுத்தவில்லை. இன்றைக்கு அகப்படும் காகிதங்களில் 2,300-க்கு மேற்பட்ட வரிசை எண் காணப்படுகிறது. பத்தே நாள் வேலை!

அகதிகளில் பலருக்கு அவருடைய பெயர் கூடத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் உச்சரிக்க வரவில்லை. 'மிஸ்டர் பிலிப்ஸ் ரேடியோ' என்றே அவரைச் சொன்னார்கள்.

இதிலே அவருக்கு ஆபத்து இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மனைவி மக்களுடன் திரும்பிப் போக வேண்டிய இடம் எது? ஜெர்மானியர் ஆண்டுகொண்டிருந்த ஹாலந்து! விஷயம் அவர்கள் காதில் விழுந்தால் குடும்பத்தின் கதி அதோகதிதான். ஆகையால் புறப்படுவதற்கு முன் காகிதங்களை நெருப்பில் இட்டுப் பொசுக்கினார். வாயையும் பூட்டிக்கொண்டார்.

மூன்று தந்திகள்

இப்போது பாதிக் கதவு திறந்தாயிற்று. மீதிக் கதவு அதே கௌனாஸ் நகரத்தில், வைஜ்கன்டோ தெருவில், ஒரு குன்றின் மேல் இருந்த வீட்டில் இருந்தது. அங்கேதான் ஜப்பானிய கான்ஸல் சியூனே ஸுகிஹாரா குடியிருந்தார்; ஆபீஸும் அதுவே.

ஸுகிஹாராவுக்கு அப்போது நாற்பது வயது. மகன் டாக்டராக வேண்டும் என்பது அவருடைய தகப்பனாரின் ஆசை. வைத்தியக் கல்லூரிப் பிரவேசப் பரீட்சையில் பிள்ளையாண்டான் தாளில் தன் பெயரை மட்டும் எழுதி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டானாம்! பிறகு வெளிநாட்டு இலாகாவில் சேர்ந்து, ரஷ்ய பாஷையில் தேர்ச்சி பெற்றார். மஞ்சூரியாவில் உத்தியோகம் பார்த்தார். அங்கே சீனர்களை ஜப்பானியர் நடத்திய விதம் பிடிக்காமல் அந்தப் பதவியை விட்டார் என்று சொல்வார்கள். 1939-ல் அவரை லித்துவேனியாவுக்கு அனுப்பியதன் உண்மையான நோக்கம் விஸா கொடுப்பது அல்ல. எல்லையில் ஜெர்மன் சேனையும் ரஷ்யச் சேனையும் எப்படி நகருகின்றன என்று பார்த்துச் சொல்வதுதான்.

1940 ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலையில் அவருடைய மனைவி யூகிகோ ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். வேலிக்கு வெளியே நூற்றுக்கணக்கான மனிதர்கள்! ஆண்கள், பெண்கள், கிழவர்கள், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தைகள். இரவெல்லாம் நடந்து வந்து களைத்தவர்கள். சிலர் வேலி ஏறவும் முயன்றார்கள். அவர்கள் எல்லாம் யார், எதற்காக வந்திருக்கிறார்கள் என்று சின்னஞ்சிறு மூத்த பையன் தாயாரைக் கேட்டானாம். கெட்டவர்கள் அவர்களைக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து வந்திருக்கிறார்கள் என்றதும், அப்பா அவர்களைக் காப்பாற்றுவாரா என்று அடுத்த கேள்வி போட்டானாம். குழந்தைகளுடைய கேள்விகளுக்குத்தான் பதில் சொல்வது கஷ்டம்!

கூட்டத்தின் சார்பில் ஐந்து பிரதிநிதிகளை ஸுகிஹாரா உள்ளே அழைத்துப் பேசினார். அவர்களில் ஒருவர் வார்ஹாஃப்டிக் என்ற வக்கீல். பிற்காலத்தில் இஸ்ரேல் சர்க்காரில் மந்திரியானவர். விஷயத்தைக் கேட்டுக்கொண்ட ஸுகிஹாரா உடனே சம்மதிக்கவில்லை. தமக்கு அதிகாரம் இல்லாத காரியம் அது. ஜப்பான் ரூல் தெளிவாக இருந்தது: போய்ச் சேரும் தேசத்தின் அநுமதி வேண்டும், வழிச் செலவுக்கும் ஜப்பானில் தங்குவதற்கும் போதுமான பணம் வேண்டும். வெளியே நின்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பணம் ஏது?

டோக்கியோவுக்குத் தந்தி அடித்து அநுமதி கேட்டார். கூடாது என்று பதில் வந்தது. மறுபடியும் கேட்டார், மறுபடியும் கூடாது. மூன்றாவது முறையும் கேட்டார். அப்போதும் கூடாது என்றுதான் பதில். இவ்வாறு பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்போம். ஜப்பானோ ஜெர்மனியோடு கைகோக்கத் தயாராகிக்கொண்டிருந்தது; செப்டம்பர் மாதக் கடைசியில் உடன்படிக்கையே கையெழுத்தாகிவிட்டது. மேலதிகாரிகளின் உத்தரவை மீறினால் உத்தியோகம் போகும். வீட்டில் மூன்று ஆண் குழந்தைகள். கடைசிக் குழந்தை அந்த வருஷம் கௌனாஸிலேயே பிறந்த பச்சைக் குழந்தை. மூன்று முறை கேட்டாயிற்று. மூன்று முறையும் மறுத்தாயிற்று. "என்னால் ஆனதைச் செய்தேன், மேலிடத்தில் சம்மதிக்கவில்லை" என்று அவர் கையை விரித்திருந்தால், யார் அவர் மீது குற்றம் சொல்ல முடியும்? நீங்களோ நானோ சொல்லியிருப்போமா? அதைவிட அழகான சாக்கு எந்த உத்தியோகஸ்தருக்கும் கிடைக்காது.

ஸுகிஹாரா இரவு தூக்கம் இல்லாமல் யோசித்தார். மனைவியிடம் கலந்து பேசினார். யூகிகோவும், வருவது வரட்டும் என்று சம்மதித்தார். சர்க்கார் உத்தரவை மீறினோம் என்ற பெயர் வரலாம். ஆனால் இவர்களைக் கைவிட்டால் கடவுளின் உத்தரவை மீறியவன் ஆவேன் என்ற கருத்துப்பட அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மறு நாள் காலையில் கதவு திறந்தது.

ஓய்ந்த கை

ஜப்பானிய விஸா என்பது ரப்பர் ஸ்டாம்போடு முடிகிற சமாசாரம் அல்ல. ஒவ்வொன்றையும் ஜப்பானிய எழுத்தில் கையால் வரிவரியாக எழுதியாக வேண்டும். ஸுகிஹாரா காலையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. பல நாள் மத்தியான்னச் சாப்பாடும் கிடையாது. இரவில் மரத்துப்போன கையை மனைவி நீவி விடுவார். நீவி முடிப்பதற்குள் கணவர் தூங்கிப் போய்விடுவார்.

மீர் பாடசாலை மாணவர் ஒருவர் ஒரு நாள் 300 பாஸ்போர்ட்டுகளைக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றையும் எழுத ஆள் பலம் இல்லையே என்ற கேள்வி வந்தபோது, "நானே உட்கார்ந்து உதவி செய்கிறேன்" என்று முன்வந்தார். ஸுகிஹாராவின் ஆபீஸில் வேலை பார்த்த ஜெர்மானிய வமிசத்தவர் ஒருவர் அவரை உள்ளே அழைத்து, தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஜெர்மானியர் ஒருவரும், யூதர் ஒருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஜப்பான் ஸ்டாம்பைக் குத்தித் தள்ளினார்கள்! அந்த வருஷத்து ஐரோப்பாவில் இப்படியும் ஒரு காட்சி இருந்தது.

ரஷ்யர்கள் வெளிநாட்டு ஆபீஸ்களை எல்லாம் மூடச் சொல்லிவிட்டார்கள். ஸுகிஹாரா கொஞ்சம் தவணை வாங்கிக்கொண்டு எழுதினார். தவணை முடிந்து ஹோட்டலுக்குக் குடிபோனார், அங்கேயும் அகதிகள் தேடிக்கொண்டு வந்தார்கள், அங்கேயும் எழுதினார். செப்டம்பர் முதல் வாரத்தில் ரயில் ஏறினார். பிளாட்பாரத்திலும் அவர்கள்! வண்டிக்குள் உட்கார்ந்து எழுதி எழுதி ஜன்னல் வழியே நீட்டினார். வண்டி நகர்ந்துவிட்டது. இனி எழுத முடியவில்லையே, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தலைகுனிந்து வணங்கினார் என்று யூகிகோ தம் நினைவுகளில் குறித்திருக்கிறார்.

யாரிடம் யார் மன்னிப்புக் கேட்டது, பாருங்கள்!

அவர் டோக்கியோவுக்கு அனுப்பிய ஜாபிதாவில் 2,100-க்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஒரே விஸாவில் குடும்பமாகப் பிரயாணம் செய்தவர்களும் உண்டு.

ஆப்பிளும் வெந்நீரும்

பிரயாணம் மட்டும் என்ன சுலபமா? ரஷ்ய சர்க்கார் வெளியேற அநுமதி தந்தது. ஆனால் ரயில் கட்டணத்தை அமெரிக்க டாலரில் கட்ட வேண்டும் என்றது. டாலர் வைத்திருப்பதோ அங்கே குற்றம்! எப்படியோ திரட்டிக் கட்டினார்கள். ஸைபீரியாவைக் கடந்து விளாடிவாஸ்டாக் துறைமுகம். அங்கிருந்து சிறு கப்பலில் குளிர்காலக் கடலில் ஆட்டம் ஆடிக்கொண்டு ஜப்பானிலுள்ள ட்ஸுருகா துறைமுகம்.

ட்ஸுருகா மக்கள் இப்படிப்பட்ட மனிதர்களைப் பார்த்ததில்லை. கிழிந்த கோட்டு, வெறும் கை, வெளிறிய முகம். ஊரார் கூடை கூடையாக ஆப்பிள் கொண்டுவந்து கொடுத்ததையும், வெந்நீர்க் குளியல் விடுதிக்காரர் ஒருவர் ஒரு நாள் பூராவும் காசு வாங்காமல் அகதிகளைக் குளிக்க விட்டதையும் அந்த ஊர்ப் பெரியவர்கள் பின்னால் நினைவு கூர்ந்திருக்கிறார்கள். இதற்காகவே அந்த ஊரில் ஒரு காட்சிசாலை இருக்கிறது. குளிப்பதற்கு வெந்நீர்! நமக்கு அது ஒரு பெரிய விஷயமா? வாரக் கணக்கில் ரயிலிலும் கப்பலிலும் வந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

ஜப்பானில் சில நாள் மட்டுமே தங்கலாம் என்பது ரூல். எபிரேய பாஷையில் பண்டிதரான கோட்ஸுஜி என்ற ஜப்பானியர் அதிகாரிகளிடம் நடையாக நடந்து, தவணையை நீட்டி வாங்கிக் கொடுத்தார். அங்கிருந்து சிலர் அமெரிக்காவுக்கும், சிலர் பாலஸ்தீனத்துக்கும் போனார்கள். மீதி இருந்த ஏறக்குறைய ஆயிரம் பேர் 1941-ல் ஷாங்காய்க்கு அனுப்பப்பட்டு, யுத்தம் முடியும் வரையில் அங்கே கஷ்ட ஜீவனம் செய்து பிழைத்தார்கள். மீர் பாடசாலையும் அவர்களோடு பிழைத்தது. குராஸோ தீவை நாடி யாரும் போகவில்லை. போகும் உத்தேசமும் அவர்களுக்கு இல்லை!

லித்துவேனியாவிலேயே தங்கிவிட்டவர்கள் என்ன ஆனார்கள்? 1941 ஜூன் 22-ஆம் தேதி ஹிட்லர் ரஷ்யா மீது பாய்ந்தான். சில நாட்களில் கௌனாஸ் ஜெர்மானியர் வசம் ஆயிற்று. அந்த அக்டோபர் 29-ஆம் தேதி, ஒரே நாளில், கௌனாஸ் நகரத்தின் ஒன்பதாவது கோட்டையில் 9,000-க்கு மேற்பட்ட யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் 4,000-க்கு மேல் குழந்தைகள். லித்துவேனியாவில் இருந்த இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் யுத்தம் முடிவதற்குள் மாண்டு போனார்கள். ஒரு ஸ்டாம்புக்கும் இன்னொரு ஸ்டாம்புக்கும் நடுவில் இருந்த தூரம் அதுதான்.

கணக்குத் தெரியாத புண்ணியம்

கதை இத்துடன் முடிந்திருந்தால் சினிமாவாகியிருக்கும். நிஜ வாழ்க்கை அப்படி இல்லை.

ஸுகிஹாரா கௌனாஸை விட்டபின் ஜெர்மனி, செக் நாடு, ருமேனியா என்று பல ஊர்களில் உத்தியோகம் பார்த்தார். யுத்த முடிவில் ரஷ்யர்கள் அவரைக் குடும்பத்துடன் காவலில் வைத்தார்கள். 1947-ல் ஊர் திரும்பினார். வந்ததும் வெளிநாட்டு இலாகா அவரை ராஜிநாமாச் செய்யச் சொன்னது. ஆள் குறைப்பு என்று காரணம் சொன்னார்கள். லித்துவேனியாவில் செய்ததன் பலன்தான் இது என்று அவரும் மனைவியும் நம்பினார்கள். அதே வருஷத்தில், கௌனாஸில் பிறந்த கடைக்குட்டி ஏழு வயதில் இறந்து போனான். கான்ஸலாக இருந்தவர் வயிற்றுப் பாட்டுக்காக வீடு வீடாகப் போய் மின்சார பல்பு விற்றார் என்கிறார்கள். பிறகு ஒரு வியாபாரக் கம்பெனிக்காக மாஸ்கோவில் பல வருஷம் தனியாக இருந்து வேலை பார்த்தார். தாம் எழுதிக் கொடுத்த காகிதங்களால் எத்தனை பேர் பிழைத்தார்கள், அல்லது யாராவது பிழைத்தார்களா என்பதே அவருக்குத் தெரியாது.

பிழைத்தவர்கள் அவரைத் தேடாமல் இல்லை. 'சியூனே' என்று சொல்ல அவர்களுக்கு வராது என்று, 'ஸெம்போ' என்றே அவர் தம்மைச் சொல்லிக்கொண்டிருந்தார். 'ஸெம்போ ஸுகிஹாரா' என்று விசாரித்தவர்களுக்கு, அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்று டோக்கியோவில் பதில் கிடைத்தது!

1968-ல், டோக்கியோவில் இருந்த இஸ்ரேல் ஸ்தானிகர் காரியாலயத்தைச் சேர்ந்த நிஷ்ரி என்பவர் அவரைக் கண்டுபிடித்துவிட்டார். நிஷ்ரியும் அந்த அகதிகளில் ஒருவர். கசங்கிப் பழுப்பேறிய காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் இருந்தது ஸுகிஹாராவின் கையெழுத்து! 28 வருஷங்களுக்குப் பிறகு வந்த பதில் அது. அடுத்த வருஷம் ஸுகிஹாரா இஸ்ரேலுக்குப் போனார். மந்திரியாகியிருந்த வார்ஹாஃப்டிக், விஸாக்கள் மேலிடத்து அநுமதி இல்லாமலே கொடுக்கப்பட்டவை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார். அவ்வளவு நாளும், ஜப்பான் சர்க்கார் அநுமதி கொடுத்திருந்தது என்றல்லவா நினைத்திருந்தார்!

1984-ல் இஸ்ரேல் அவரை, யூதர்களைக் காத்த நல்லோர் வரிசையில் சேர்த்துக் கௌரவித்தது. 1986 ஜூலை 31-ஆம் தேதி அவர் காலமானார். 2000-ஆம் வருஷத்தில் ஜப்பான் வெளிநாட்டு மந்திரி கோனோ அவருடைய குடும்பத்தாரிடம் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அவருடைய பெயர் பொறித்த பலகையையும் இலாகாவில் பதித்தார்கள்.

டச்சுக்காரர் கதி இன்னும் மோசம். யுத்தம் முழுவதும் ஜெர்மானியர் ஆண்ட ஹாலந்தில் மௌனமாக இருந்தார் ஸ்வார்ட்டன்டைக். யுத்தம் முடிந்த பிறகும் தாம் செய்ததைப் பறைசாற்றவில்லை. 1963-ல் அமெரிக்காவில் யூதப் பத்திரிகை ஒன்று, 'குராஸோவின் தேவதை' என்று பெயர் தெரியாத ஒரு கான்ஸலைப் பற்றி எழுதியது. 1976-ல் அவர் இறந்தார். 1997-ல்தான் இஸ்ரேல் அவரையும் அந்த நல்லோர் வரிசையில் சேர்த்தது. 2018-ல் கௌனாஸ் நகரத்தில், அவர் ஆபீஸ் இருந்த வீதியில், டச்சு மன்னர் முன்னிலையில் ஒரு ஞாபகச் சின்னம் திறந்து வைக்கப்பட்டது. அது விளக்குகளால் ஆன சின்னம். பல்பு விற்றவருக்குப் பொருத்தமான மரியாதை அல்லவா?

மேஜைக்கு அந்தப் பக்கம்

'பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இவர்கள் இருவரும் பலனை எதிர்பாராதவர்கள் மட்டுமா? பலன் உண்டாயிற்றா என்பது கூட ஒருவருக்கு 28 வருஷம் தெரியவில்லை; மற்றவர் காலமாகி 21 வருஷம் கழித்தே அவருக்கு மரியாதை வந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். இவர்கள் கத்தி எடுக்கவில்லை, துப்பாக்கி எடுக்கவில்லை, மேடை ஏறிப் பேசவும் இல்லை. ஒருவர் ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டார். மற்றவர் எழுதக் கூடாது என்றதை எழுதினார். மேஜை, நாற்காலி, பேனா, மசி எல்லா ஆபீஸிலும் இருப்பவைதான். தைரியம் என்றால் யுத்த களத்தில் மார்பு காட்டுவது என்று நினைக்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே காட்ட வேண்டிய தைரியமும் உண்டு. பல சமயங்களில் அதுதான் கஷ்டமானது. ஏனென்றால் அங்கே சாக்குச் சொல்வது மிகவும் சுலபம்.

ரூலை எல்லாம் குப்பையில் போடச் சொல்லவில்லை. ஸுகிஹாரா கூட மூன்று முறை முறைப்படி அநுமதி கேட்டுப் பார்த்தார். அதன் பிறகுதான் மீறினார். மீறியதற்கு விலை வந்தபோது அதையும் தாமே கொடுத்தார்.

நம்மில் பலருக்குக் கான்ஸல் பதவி கிடைக்கப் போவதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்திலோ, பாங்கியிலோ, ஆஸ்பத்திரியிலோ, வீட்டு வாசலிலோ, என்றைக்காவது ஒரு நாள் நாமும் மேஜைக்கு அந்தப் பக்கத்தில் உட்காரத்தான் போகிறோம். எதிரே யாராவது ஒருவர் கையில் காகிதத்துடன் வந்து நிற்பார். 'ரூல் இடம் கொடுக்கவில்லையே' என்று சொல்ல வாய் திறப்போம். அந்தச் சமயத்தில், ரயில் ஜன்னல் வழியே நீண்ட ஒரு கையை ஒரு விநாடி நினைத்துக்கொண்டால் போதும். எதிரே நிற்பவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தோன்றும்.